ரிட்டர்ன் காரணம்: மற்றவை

படகு கவிழ்ந்த செய்தி வந்த நான்காம் நாள் இரவு ஒன்பது மணிக்கு நான் ஒரு விளம்பரம் போட்டேன். "எது கவிழ்ந்தாலும் எங்கள் பை கவலைப்படாது." நீலத் தண்ணீர், அதில் தலைகீழாக ஒரு படகு, படகின் முதுகில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் எங்கள் பை. மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 25 சதவீதத் தள்ளுபடி. இப்போது இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது "தெரியாமல் நடந்துவிட்டது" என்பதுதான். நானும் அப்படித்தான் சொன்னேன், அது பொய். எந்தப் படகை நினைத்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துதான் போட்டேன். அந்தப் படகு ஊர் வாயில் இருந்ததால்தான் அந்த வாரமே போட்டேன்.

நான் தண்ணீர் புகாத பைகள் தைத்து விற்கிறேன். பெரிய தொழில் இல்லை. தையலில் நான்கு பேர், படம், எழுத்து எல்லாம் பார்க்கும் ஒரு தம்பி, பேக்கிங்கில் ஒரு அக்கா, மீதி எல்லாம் நான். அதற்கு முந்தைய இரண்டு மாதம் விற்பனை படுத்துக் கிடந்தது. விபத்து நடந்த வாரம் எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வருவது திடீரென்று கூடியது. படகு, தண்ணீர், பாதுகாப்பு என்று தேடுகிறவர்கள் வழி தவறி எங்களிடம் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி பரிதாபம் இல்லை, ஆசை. தம்பி மூன்று வரிகள் எழுதி எங்கள் குழுவில் போட்டான். இரண்டு சாதாரணம். மூன்றாவது அந்த வரி. "அக்கா, இது செம" என்று அவனே கீழே எழுதியிருந்தான். மற்றவர்கள் வரிசையாகச் சிரிப்பு முகம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அன்று மாலை பேக்கிங் அக்கா டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது போனை நீட்டிக் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார். "ஒரு மாதிரியா இருக்கும்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. "இதெல்லாம் ஜோக் அக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் அன்று எனக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே நல்ல ஆலோசனை. எங்கள் குழுவில் சிரித்தவர்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பவள் நான். முதலாளி சிரித்த பிறகு யார் சிரிக்காமல் இருப்பார்கள்? அதனால் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கையில் இருந்தால், உங்களால் எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். "இதைப் பார்த்தால் யார் அழுவார்கள்" என்று கேளுங்கள். பதிலில் நிஜ மனிதர் ஒருவர் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒருவர் இழுத்தாலே போதும், விளக்கம் கேட்டு அவரை வாதத்தில் தோற்கடிக்காதீர்கள். நான் தோற்கடித்தேன்.

முதல் நாள் இரவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் வழக்கமாக ஒரு வாரத்தில் வரும் பார்வைகள் வந்தன. ஒன்பது ஆர்டர். பலர் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சூடு குறையக்கூடாது என்று பணம் கட்டி அதை இன்னும் பரப்பினேன். பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தூங்கினேன். அந்தப் படகில் போனவர்களின் வீட்டிலும் யாரோ பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள் என்ற நினைப்பு ஒரு முறைகூட வரவில்லை.

காலையில் முதல் கமெண்ட்டைப் பார்த்தேன். "இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்." அவ்வளவுதான், திட்டு எதுவும் இல்லை. அப்போதாவது எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நான் படுத்தபடியே பதில் போட்டேன்: "யாரையும் குறிப்பிடவில்லை, நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள்." அந்தப் பதில் விளம்பரத்தைவிட வேகமாகப் பரவியது. நான் பல் துலக்கி வருவதற்குள் இருநூறு கமெண்ட். பயந்துபோய்ப் பதிவை நீக்கினேன். நீக்கியதை யாருக்கும் சொல்லவில்லை. அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் ஊரைச் சுற்றிவிட்டது. இப்போது இரண்டு குற்றம்: போட்டது ஒன்று, ஓடி ஒளிந்தது இன்னொன்று. நீக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீக்கிய கையோடு, அதே இடத்தில், "நேற்று இப்படி ஒரு விளம்பரம் போட்டோம், தவறு, எடுத்துவிட்டோம்" என்று எழுதியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்றை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்த பதிவைத்தான் நீக்கியிருந்தேன். பணம் கட்டிப் பரப்பியபோது வேறு அளவில் இன்னொரு விளம்பரமாகவும் அது போயிருந்தது. அது தனியாக ஓடிக்கொண்டே இருந்தது. நான் மன்னிப்பு கேட்ட பிறகும் 41 மணி நேரம் அந்தத் தலைகீழ்ப் படகு புதிது புதிதான ஆட்களின் திரையில் மிதந்திருக்கிறது. அதற்கான பணமும் என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. திட்டு வாங்கக் காசு கட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்படிச் சிக்கினால் முதல் வேலையாகக் கட்டண விளம்பரக் கணக்கைத் திறந்து அத்தனையையும் நிறுத்துங்கள். பிறகு மின்னஞ்சல், வாட்ஸப் செய்தி, வலைத்தளத்தின் முகப்புப் படம், டீலர்களுக்கு அனுப்பிய படங்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் டீலர் ஒருவர் அதை அச்சடித்துக் கடைக் கதவிலேயே ஒட்டியிருந்தார்.

மன்னிப்பு என்று சொன்னேனே, அதையும் கேளுங்கள். நான் எழுதியது: "எங்கள் விளம்பரத்தால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். அது எங்கள் நோக்கமல்ல." எல்லா நிறுவனங்களும் இப்படித்தானே எழுதுகின்றன என்று நினைத்தேன். பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர் பதில் போட்டார்: "புண்பட்டிருந்தால் என்பதில் உள்ள 'ஆல்' யாருக்காக அம்மா?" அந்த இரண்டெழுத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புண்பட்டதே இன்னும் உறுதியாகவில்லை என்கிறது அது. புண்பட்டவர் கொஞ்சம் மென்மையானவர், குறை அவர் மனதில்தான் என்கிறது. "யாருடைய மனமாவது" என்பதும் அப்படித்தான். யார் மனம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இறந்தவர்களின் குடும்பத்தார் மனம். அதை எழுதத்தான் கை வரவில்லை. இரண்டாவது மன்னிப்பை மூன்று நாள் கழித்து எழுதினேன். "படகு விபத்தில் இறந்தவர்களை வைத்து வியாபாரம் செய்தோம். எழுதியது எங்கள் ஊழியர், போடச் சொன்னது நான். குடும்பத்தாரிடம் மன்னிப்பு கேட்கிறேன். அந்த விளம்பரத்தால் வந்த ஆர்டர்களை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டோம்." அதன் கீழேயும் திட்டினார்கள். ஆனால் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. இரவெல்லாம் இப்படிச் செய்து மாட்டிக்கொண்டவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஆறுதலுக்குத்தான், வேறெதற்கு? பட்டியல் நீளம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய நேரத்தில், புயலில் சலிப்பாக இருக்கிறதா என்று கேட்டு 20 சதவீதத் தள்ளுபடி அனுப்பியது அமெரிக்கன் அப்பேரல் என்ற ஆடை நிறுவனம். 2014-ல் மலாலா சுடப்பட்டு விழுவதைப் படமாக வரைந்து, அவர் மெத்தையில் துள்ளி எழுவதாகக் காட்டிய ஒரு விளம்பரத்துக்கு அதைத் தயாரித்த ஓகில்வி விளம்பர நிறுவனம் மன்னிப்பு கேட்டது. 2016-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு மெத்தைக் கடை, செப்டம்பர் 11 நினைவு நாளுக்கு 'இரட்டைக் கோபுர விற்பனை' அறிவித்தது. இரண்டு மெத்தை அடுக்குகள் சரிந்து விழ, கடைப்பெண் அலறுவதுபோல நடிக்கும் வீடியோ. சில நாட்களுக்குள் கடையை மூடுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. மெத்தைக்காரர்களுக்கு மட்டும் என்ன சாபமோ என்று அந்த நிலையிலும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. உடனே, இதோ பார், இன்னும் திருந்தவில்லை நீ என்று என்மேலேயே கோபம் வந்தது.

என்னை உண்மையில் குழப்பியது கென்னத் கோல் கதை. ஆடை, காலணி விற்பவர். 2011 பிப்ரவரியில் எகிப்தில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடி உயிர்விட்டுக்கொண்டிருந்தபோது, கெய்ரோவே கொந்தளிக்கிறது, எங்கள் புதிய ஆடைகள் வந்த சேதி கேட்டுத்தானாம் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். கண்டனம் வந்தது, நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பிறகு ஒரு பேட்டியில், அன்று எங்கள் பங்கு விலை ஏறியது, இணைய விற்பனையும் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார். 2013-ல் சிரியாவில் அமெரிக்கா ராணுவ நடவடிக்கை எடுக்குமா என்ற பேச்சு நடந்தபோது, ராணுவ பூட்ஸைத் தன் செருப்புகளோடு சேர்த்து மறுபடியும் அதே பாணியில் எழுதினார். ஆக, இது வியாபாரத்துக்கு எப்போதும் நஷ்டம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். சிலருக்கு லாபமும் வரும். எனக்கே முதல் இரவு ஒன்பது ஆர்டர் வந்தது. நஷ்டம் வரும் என்பதற்காக மட்டும் ஒருவர் இதைச் செய்யாமல் இருந்தால், லாபம் வரும் என்று கணக்கு காட்டும் நாளில் செய்துவிடுவார். அதனால் என் நஷ்டக் கணக்கைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மூன்று டீலர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். போக்குவரத்துச் செலவு என் தலையில். வழக்கமாக எடுக்கும் ஒரு சாகசப் பயிற்சி நிறுவனம் அடுத்த பருவ ஆர்டரை நிறுத்தியது. மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தைத்து வைத்த பைகள் ஐந்து மாதம் அலமாரியில் தூங்கின. தையல்காரர்களில் ஒருவரை அனுப்ப வேண்டி வந்தது. விளம்பரம் எழுதியவரும் இல்லை, சிரித்தவரும் இல்லை, அவருக்கு போனில் அந்தக் குழுவே கிடையாது. ஏழு மாத லாபம் போனது. ஆறு வாரம் நான் புதிதாக ஒரு வேலையும் செய்யவில்லை, பதில் எழுதுவது மட்டுமே வேலை. தம்பியை நீக்கச் சொல்லிப் பலர் எழுதினார்கள். செய்யவில்லை. இந்த விஷயத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். சின்ன வயதுக்காரன் நாலு வரி எழுதுவான், அதில் ஒன்று கேவலமாக இருக்கும். அதைக் கிழித்துப் போடத்தான் மேலே ஒருவருக்குச் சம்பளம். கிழிக்காமல் விட்டு, பிறகு அவனைப் பிடித்துக் கூட்டத்தின் முன்னால் தள்ளினால், அது இரண்டாவது கேவலம்.

இப்போது அந்த ரிட்டர்ன் பற்றி. எங்கள் தளத்தில் பையைத் திருப்பித் தர ஒரு படிவம் உண்டு. ஆர்டர் எண், பிறகு காரணம்: அளவு சரியில்லை, நிறம் மாறியிருக்கிறது, பழுது, மற்றவை. மற்றவை என்றால் கீழே ஒரு பெட்டி திறக்கும், அதில் எழுதலாம். ஆறாவது நாள் காலை நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் அனுப்பியவை நிறைய. "வெட்கமில்லையா", "இந்தப் பையைத் தொடவே பிடிக்கவில்லை", இப்படி. நடுவில் ஒன்று. எட்டு மாதத்துக்கு முந்தைய ஆர்டர், 20 லிட்டர், பச்சை நிறம். காரணம்: மற்றவை. பெட்டியில் எழுதியிருந்தது:

"பை நன்றாக இருக்கிறது. உள்ளே சொட்டுத் தண்ணீர் போகவில்லை. துண்டு, சட்டை, சார்ஜர் எல்லாம் காய்ந்தபடியே இருந்தது. தம்பிதான் இல்லை. உங்கள் விளம்பரம் சரிதான், பைக்குக் கவலை இல்லை."

கீழே ஒரு போட்டோ. டைல்ஸ் தரையில் எங்கள் பச்சைப் பை, வாய் மூன்று சுற்று மடித்துக் கிளிப் போட்டிருக்கிறது. சரியாக மூன்று சுற்று. பையோடு நாங்கள் அனுப்பும் சின்ன அட்டையில் நான்தான் எழுதியிருந்தேன், மூன்று சுற்று மடித்துப் பூட்டவும் என்று. அந்தப் பையன் அதைப் படித்து, சொன்னபடியே மடித்திருக்கிறான்.

அதுவரை எனக்கு வந்த ஆயிரக்கணக்கான திட்டுகளில் ஒன்றுகூட இப்படிப் போய்க் குத்தவில்லை. 2013-ல் ஹூண்டாயின் பிரிட்டன் விளம்பரம் ஒன்று வந்தது. ஒருவர் காருக்குள் புகையை விட்டுத் தற்கொலைக்கு முயல்வார், வெளியேறுவது வெறும் நீராவி என்பதால் பிழைத்துவிடுவார், அதுதான் ஜோக். லண்டனில் விளம்பரத் துறையிலேயே வேலை பார்த்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் அப்பா அப்படித்தான் இறந்தார் என்று நிறுவனத்துக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு நாள் முன்பு அதைப் படித்தபோது "பாவம்" என்று நினைத்துக் கடந்திருந்தேன். கடிதம் எனக்கே வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. மேடையில் ஒருவர் சாவைப் பற்றி ஜோக் சொன்னால், கேட்பவர் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். விளம்பரத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. கூப்பிடாமல் வீட்டுக்குள் நுழைந்து, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் பேசி, கடைசியில் காசும் கேட்கும். துக்கம் விசாரிக்க வந்தவன் போகிற போக்கில் விலைப்பட்டியலை நீட்டின மாதிரி. கருத்துச் சுதந்திரம் அது இது என்று எனக்காக வாதாட வந்த நாலு பேருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். சிரிக்கும் உரிமையை யாரும் பிடுங்கவில்லை. சாவை வைத்துப் பை விற்கும் உரிமை கிடைக்காமல் போனால் எந்தச் சுதந்திரமும் குறைந்துவிடாது. சர்வதேச வர்த்தக சபை 1937-லிருந்து விளம்பரத்துக்கு ஒரு நெறித்தொகுப்பு வைத்திருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் பிறர் துன்பத்தைச் சுரண்டக்கூடாது என்று இன்று அதில் இருக்கிறது. சட்டம் இல்லைதான், தொழில்காரர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்டது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

பச்சைப் பையைத் திருப்பித் தர எழுதிய அந்த அக்காவுக்கு, தம்பியை இழந்த அந்தப் பெண்ணுக்கு, என்ன எழுதுவது? நாலு முறை எழுதி அழித்தேன். கடைசியில் மூன்று வரி: தவறு செய்தேன், மன்னியுங்கள் என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது, பணத்தை இன்றே அனுப்புகிறேன், பையை நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பிவிட்டுப் பணத்தையும் திருப்பினேன். மறுநாள்தான் பார்த்தேன். பணம் திரும்பியதும் எங்கள் அமைப்பு வழக்கம்போல ஒரு செய்தியைத் தானாக அனுப்பியிருந்தது. "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" ஆர்டர் இறந்துபோன அவர் தம்பியின் பெயரில் இருந்தது. அவன் எண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

இதில் நான் உங்களைக் கையைப் பிடித்து எச்சரிக்க விரும்புவது தானாகப் போகும் செய்திகளைப் பற்றித்தான். கெட்ட புத்தியால் எழுதும் விளம்பரத்தை நல்ல புத்தி வந்தால் தடுக்கலாம். யாரும் எழுதாமல் தானே போவதை எப்படித் தடுப்பது? 2022 நவம்பர் 9 அன்று, யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் 1938-ல் அடித்து நொறுக்கப்பட்ட இரவின் நினைவு நாளில், ஜெர்மனியின் கேஎஃப்சி செயலி, நினைவு நாளுக்கு மொறுமொறு கோழியும் சீஸும் சாப்பிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்பியது. நாட்காட்டியோடு இணைத்த தானியங்கி முறையால் வந்த பிழை என்று விளக்கி மன்னிப்பு கேட்டார்கள். யாரும் சிரிக்க நினைக்கக்கூட இல்லை, ஆனாலும் கேலியாகவே போய் விழுந்தது. இப்போது எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய விபத்தோ பேரிடரோ நடந்த செய்தி வந்தால், முதலில் பார்ப்பவர் யாராக இருந்தாலும், பேக்கிங் அக்காவாக இருந்தாலும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த எல்லாப் பதிவும் நிற்கும். என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். எதை மீண்டும் ஓடவிடுவது என்பதற்குத்தான் என் அனுமதி வேண்டும். வருடத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து, துக்க நாட்களில் கொண்டாட்டத் தொனியில் ஏதாவது விழுகிறதா என்று பார்க்கிறோம். நட்சத்திரம் கேட்கும் செய்தியை ரிட்டர்ன் வந்த யாருக்கும் அனுப்புவதில்லை.

இடையில் வந்த உதவிக்கரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் போன் செய்து, இது பொன்னான வாய்ப்பு, திட்டினாலும் உங்கள் பெயரைத்தானே சொல்கிறார்கள், 'கவலைப்படாத பை' என்றே பெயர் வைத்து விடுங்கள் என்றார். இன்னொருவர், குடும்பங்களுக்கு நிதி அறிவித்துப் பெரிய காசோலையோடு போட்டோ எடுக்கலாம் என்றார். இரண்டாவது யோசனை முதலில் நல்லதாகவே தோன்றியது. பேக்கிங் அக்காவிடம் கேட்டேன். இந்த முறை அவர் இழுக்கவில்லை. "குடுக்கறதுன்னா குடுத்துட்டுப் பேசாம இரும்மா" என்றார். அப்படியே செய்தேன், எவ்வளவு, எங்கே என்று இங்கும் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் வியாபாரத்தில் கறுப்பு நகைச்சுவையே கூடாதா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2012-ல் மெல்போர்ன் ரயில் நிறுவனம் முட்டாள்தனமாகச் சாகும் குட்டிக் கார்ட்டூன் உருவங்களை வைத்து ஒரு பாட்டு வெளியிட்டது. தண்டவாளத்தில் கவனமாக இருங்கள் என்பதுதான் செய்தி. உலகமே பாடியது. அதில் செத்தது யாருடைய பிள்ளையும் இல்லை. கேட்பவரின் உயிரைக் காப்பாற்றத்தான் அந்தச் சிரிப்பு. 2018-ல் பிரிட்டனில் கோழி வரத்து நின்று கேஎஃப்சி கடைகள் மூடப்பட்டபோது, தங்கள் பெயரின் எழுத்துகளையே கெட்ட வார்த்தை போல ஒலிக்கும்படி மாற்றி அச்சிட்டு மன்னிப்பு கேட்டார்கள். அடி வாங்கியது அவர்களேதான், மற்றவர்கள் ரசித்தார்கள். என் பைக்கும் இதைப்போல ஒரு வழி இருந்தது. என் முதல் மாதிரிப் பையை நானே ஆற்றில் போட்டு, தண்ணீர் புகுந்து, என் போன் செத்த கதை. அதை அன்று எழுதியிருக்கலாம். தோன்றவில்லை, ஏனென்றால் அதில் ஊர் பேசும் படகு இல்லை.

கொஞ்ச காலம் போகட்டும், பிறகு சிரிக்கலாம் என்பார்கள். சாண்டி புயலை வைத்தே கொலராடோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மெக்ராவும் சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். புயல் பற்றிய ஜோக்குகள் மக்களுக்கு மிக அதிகமாகச் சிரிப்பூட்டியது 36 நாள் கழித்து, அதன் பிறகு அந்தச் சிரிப்பும் தேய்ந்தது. ஆய்வு சரியாகவே இருக்கும். ஆனால் அது தூரத்தில் இருப்பவரின் நாட்காட்டி. 1970-ல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராணுவத்தினர் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 44 வருடம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட, ரத்தக்கறை போலத் தெரியும் ஒரு சட்டையை அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் விற்பனைக்கு வைத்தபோது, பல்கலைக்கழகமே எழுந்து கண்டித்தது. அது வெறும் சாயம், மங்கிப்போனது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. சாயமாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் 36-ம் நாள் என்னவாக இருக்கும் என்று எனக்கு அந்தப் பச்சைப் பைதான் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பெண் என் மூன்று வரிக்குப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. தளத்தில் அந்த ரிட்டர்ன் இன்னும் திறந்தே இருக்கிறது. "பொருளுக்காகக் காத்திருக்கிறோம்" என்று காட்டுகிறது. 30 நாளுக்கு ஒரு முறை, இதை மூடிவிடலாமா என்று அமைப்பு என்னைக் கேட்கும். ஆம், பிறகு என்று இரண்டு பொத்தான். மூடினால் முடிந்ததற்கான ஒரு செய்தி இறந்துபோன அவர் தம்பியின் எண்ணுக்குப் போகும், அதை நிறுத்தும் வழியை எங்களிடம் படம், எழுத்து பார்க்கும் தம்பி தேடிக்கொண்டிருக்கிறான். அதுவரை நான் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருக்கிறேன்.